அம்மா கோபித்துக்கொள்ளாத எந்திரம்

1990ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் அமெரிக்க மருத்துவர் எழுதிய சிறு கடிதம் வெளியானது. அவரிடம் வந்த நோயாளி ஒரு பெண், வயது 35. வலது கட்டைவிரலின் தசைநாரில் கடுமையான வலி. நிண்டெண்டோ வீடியோ கேமில் ஐந்து மணி நேரம் இடைவிடாமல் ஆடியதன் விளைவு அது. மருத்துவர் பாதி விளையாட்டாக அந்த வலிக்கு ‘நிண்டெண்டினிடிஸ்’ என்று பெயர் வைத்தார்.

17 ஆண்டுகள் கழித்து, 2007இல், அதே இதழில் இன்னொரு கடிதம். இம்முறை நோயாளி 29 வயது ஆண். அவரே பயிற்சி மருத்துவர். வலி தோளில். நிண்டெண்டோவின் ‘வீ’ என்ற புதிய கருவியில், கையில் ரிமோட்டைப் பிடித்து வீசி வீசி டென்னிஸ் ஆடியிருக்கிறார். ஒரு வாரம் இபுப்ரோஃபென், ஒரு வாரம் விளையாட்டு விலக்கு. நோயின் பெயர் ‘வீஐடிஸ்’.

வீடியோ கேம்களின் வரலாற்றில் இவ்விரு கடிதங்களையும் துணுக்குச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். கல்வெட்டு படிப்பவர்களுக்கு உடைந்த வரியின் ஓரெழுத்து எப்படியோ, அப்படித்தான் எனக்கு அந்த முதல் கட்டைவிரல். அந்த ஆண்டுகளில் நிண்டெண்டோ விற்றது சிறுவர்களுக்கு. விளம்பரத்தில் இருந்தவன் சிறுவன், அட்டைப்படத்தில் இருந்தவன் சிறுவன். 35 வயதுப் பெண் ஐந்து மணி நேரம் எழுந்திருக்காமல் ஆடுவாள் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஆனால் அவள் ஆடியிருக்கிறாள். விரல் வீங்கியதால்தான் பதிவானாள். ‘வீ’ வந்தபோது, இதுவரை விளையாடாத பெண்களை முதன்முறையாக விளையாட அழைத்து வந்த கருவி என்று அதைக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தை நான் முழுசாக நம்பாததற்கு இந்தக் கட்டைவிரல்தான் காரணம்.

‘குடும்பம்’ என்ற சொல் இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 1972இல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனம் ‘ஒடிசி’யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் கருவி அதுதான். அதன் விளம்பரங்களில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படம் அதற்கும் 20 ஆண்டுகளுக்கு முந்தையது. தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது என்பதை லின் ஸ்பைகல் 1992இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பெட்டியை எங்கே வைப்பது, வேலை கெடாமல் இல்லத்தரசி அதை எப்படிப் பார்ப்பது என்று பெண்கள் பத்திரிகைகள் யோசனைகளை அள்ளி வழங்கிய காலம் அது. 1952இல் தொலைக்காட்சி பதித்த சமையல் அடுப்பு ஒன்றைக்கூடச் செய்தார்கள். உட்கார்ந்து பார் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நின்றபடி, கிண்டியபடி பார்க்கலாம்.

பெண்கள் அப்போதும் இருந்தார்கள். ‘சென்டிபீட்’ (1981) உருவானதில் டோனா பெய்லிக்குப் பங்கு உண்டு. ‘ரிவர் ரெய்ட்’ (1982) கரோல் ஷா எழுதியது. ‘பேக்மேன்’ (1980) பெண்களையும் ஆட்டக்கூடங்களுக்கு அழைத்துவர வேண்டும் என்ற எண்ணத்தோடு தோரு இவாதானி வடிவமைத்தது. 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. 1985இல் நிண்டெண்டோ அங்கே நுழைந்தபோது, மின்னணுக் கருவி என்று சொன்னால் கடைக்காரர் வாங்கமாட்டார் என்பதால் ஒரு பொம்மை ரோபோவையும் சேர்த்து, பொம்மை என்று சொல்லி விற்றது. அமெரிக்கப் பொம்மைக் கடைகளில் இளஞ்சிவப்பு வரிசை, நீல வரிசை என்று இரண்டு உண்டு. எந்திரம் நீல வரிசைக்குப் போனது. 1989இல் வந்த கையடக்கக் கருவியின் பெயர் ‘கேம் பாய்’. பெயரே போதும்.

ஜப்பானில் அதே எந்திரத்துக்கு வேறு பெயர். 1983 ஜூலையில் வெளியானபோது அது ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’, சுருக்கமாக ‘ஃபாமிகாம்’. வடிவமைத்த மசாயுகி உஎமுரா உள்ளே வைத்திருந்த பெயர் ‘கேம்காம்’. ‘ஃபாமிகாம்’ என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய மனைவி. தனியாள் கணினியை ‘பாசோகோன்’ என்று சுருக்குகிறார்கள், இது தனியாளுக்கானது இல்லையே, குடும்பத்துக்கானதுதானே என்பது அவருடைய தர்க்கம். உஎமுராவே சொன்ன கதை இது. நான் படித்த இடங்களிலெல்லாம் அந்தப் பெண் ‘உஎமுராவின் மனைவி’ என்றே வருகிறார். பெயர் வைத்தவருக்குப் பெயர் இல்லை.

உடலை அசைத்து ஆடும் விளையாட்டும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1986இல் பாண்டாய் நிறுவனம் ஃபாமிகாமுக்காக ‘ஃபேமிலி டிரெய்னர்’ என்ற விரிப்பைக் கொண்டுவந்தது. தரையில் விரித்து அதன் வட்டங்களின் மேல் ஓட வேண்டும்; திரையில் நம் ஆள் தடை தாண்டுவான். 1988இல் நிண்டெண்டோ அதை அமெரிக்காவில் ‘பவர் பேட்’ ஆக்கியது. பிள்ளைகள் சீக்கிரமே மண்டியிட்டுக் கையால் தட்டினால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதையடுத்து 2003இல் சோனியின் ‘ஐடாய்’. தொலைக்காட்சி மேல் ஒரு கேமரா. நம் உருவமே திரையில் வரும், கையை வீசினால் பொருள்கள் நகரும். அதில் பலரும் விரும்பி ஆடிய குறுவிளையாட்டுகளில் ஒன்று ‘விஷி வாஷி’. ஆட்டம் இதுதான்: திரை முழுக்க அழுக்குச் சன்னல். கையால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாக்க வேண்டும். எத்தனை சன்னல் துடைத்தீர்களோ அத்தனை புள்ளி. அப்பாவும் பையனும் மூச்சு வாங்கச் சன்னல் துடைத்துச் சிரித்தார்கள். புள்ளி தந்தால் அது விளையாட்டு.

இப்போது ‘வீ’. தமிழில் வீ என்றால் பூ; அதுவும் மலர்ச்சி முடிந்து காம்பிலிருந்து உதிரும் பருவத்துப் பூ. கியோத்தோவில் பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் நினைத்தது ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை. எல்லோருக்குமானது என்ற பொருளில் 2006 ஏப்ரலில் அப்பெயரை அறிவித்தார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு வசதி உண்டு: நாம், நாங்கள் என்று அது பிரிப்பதில்லை. எதிரில் இருப்பவளைச் சேர்த்துச் சொல்கிறார்களா, விட்டுவிட்டுச் சொல்கிறார்களா என்று தமிழில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. இந்த எந்திரத்தின் ‘வீ’ நாமா, நாங்களா என்று கேட்டுக்கொண்டே அதன் கதையைப் படித்தேன்.

2002இல் நிண்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டாவுக்கு ஒரு கவலை. ஜப்பானில் விளையாடுகிறவர்களின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டிருந்தது. சோனியும் மைக்ரோசாஃப்டும் படத்தின் துல்லியத்தில் போட்டியிட, இவர் வேறு திசையில் போனார். கருவியை உருவாக்கியவர்களோடு அவர் நடத்திய உரையாடல்கள் வெளியிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் முன்னால் வந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் திரும்பத் திரும்ப ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். அவள் பெயர் அம்மா. எந்திரம் பெரிதாக இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. எனவே மூன்று டிவிடி உறைகளை அடுக்கிய அளவுக்குள் அடக்கு. இரவெல்லாம் மின்விசிறி இரைந்தால் அம்மா பிளக்கைப் பிடுங்கிவிடுவாள்; எனவே சத்தத்தைக் குறை, மின்சாரத்தைக் குறை. ஷிகேரு மியாமோட்டோவும் பேட்டிகளில் இதையே சொன்னார்: அம்மாக்கள் வீட்டுக்குள் விடத் தயங்காத எந்திரம் வேண்டும். 2007இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு வடிவமைப்பாளர் மாநாட்டில், தன் மனைவிக்கு எந்த விளையாட்டில் எவ்வளவு ஈடுபாடு வந்தது என்று அளக்கும் ‘மனைவிமானி’ ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார்.

நானும் சிரித்தேன். அந்த அளவீட்டில் அன்பு இல்லாமலில்லை. ஆனால் இந்த அம்மா யார்? வீட்டுக்குள் எது வரலாம், எப்போது அணைக்கப்பட வேண்டும் என்று முடிவெடுக்கும் வாயிற்காவலர். அவள் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும் என்பதே முதல் அக்கறை. அவள் விளையாட விரும்புவாளா என்ற கேள்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. கோபக்கார அம்மா என்ற உருவத்தை உண்டாக்கியதில் அந்தத் தொழிலுக்கே பங்கு உண்டு. பிள்ளை மணிக்கணக்கில் எழுந்திருக்காமல் ஆடும்படி விளையாட்டைச் செய்தது அவர்கள். நேரமாச்சு, நிறுத்து என்று சொல்லும் வேலை அவளுடையது. ஒரு கட்டத்தில் இவாட்டா, பெற்றோர் குறித்த நேரம் முடிந்ததும் எந்திரம் தானாக அணைந்துவிட வேண்டும் என்று யோசனை சொன்னார். அது நடக்கவில்லை. பதிலாக, எந்த நாளில் எந்த விளையாட்டு எத்தனை நிமிடம் ஆடப்பட்டது என்பது கருவியின் நாட்காட்டியில் பதிவாகும்படி செய்தார்கள். அந்தப் பதிவைப் பிள்ளைகளால் அழிக்க முடியாது. கண்காணிக்கும் வேலையைச் சுலபமாக்கித் தந்தார்கள்; வேலை அவளிடமே இருந்தது.

2006 நவம்பர் 19 அன்று வட அமெரிக்காவிலும் டிசம்பர் 2 அன்று ஜப்பானிலும் ‘வீ’ வெளியானது. ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் பெட்டிக்குள்ளேயே ‘வீ ஸ்போர்ட்ஸ்’ இருந்தது: டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை. தயாரிப்பாளர் கட்சுயா எகுச்சி. மொத்தம் 8 கோடியே 29 லட்சம் பிரதிகள் போயின. கையில் பிடிப்பதற்கு ‘ரிமோட்’ என்றே பெயர் வைத்தார் இவாட்டா. பொத்தான்கள் நிறைந்த கன்ட்ரோலரைக் கண்டு ஒதுங்குகிறவர்களும் தொலைக்காட்சி ரிமோட்டைத் தயங்காமல் எடுக்கிறார்கள் அல்லவா, அதனால். (நம் வீடுகளில் அந்த ரிமோட் யார் கையில் இருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.) ரிமோட்டுக்குள் மூன்று திசைகளிலும் அசைவை அளக்கும் முடுக்கமானி. முனையில் அகச்சிவப்பு ஒளியைக் காணும் சிறு கேமரா. தொலைக்காட்சி மேல் வைக்கும் பட்டையை எல்லோரும் உணர்கருவி என்று நினைத்தார்கள். அதில் இருந்தவை அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே.

வீசுகிறவர்களின் கையிலிருந்து ரிமோட் நழுவித் தொலைக்காட்சிகளை உடைத்தது. வெளியாகிச் சில வாரங்களிலேயே, 2006 டிசம்பரில், 32 லட்சம் மணிக்கட்டுக் கயிறுகளை மாற்றித் தருவதாக நிண்டெண்டோ அறிவித்தது. இவ்வளவு வேகமாக வீசுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை போலும்.

முடுக்கமானி அளந்தது கையை மட்டும். டென்னிஸில் திரையிலுள்ள பொம்மை பந்தை நோக்கித் தானே ஓடும். நாம் மட்டை வீசினால் போதும். பேஸ்பாலில் பந்தைத் துரத்திப் பிடிப்பதை எந்திரமே பார்த்துக்கொள்ளும். கால்களுக்கு வேலையில்லை. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டியே ஜெயிக்கலாம் என்பதும் சீக்கிரம் தெரிந்துபோயிற்று.

இந்த இடத்தில் எனக்கு ஐரிஸ் மரியன் யங் நினைவுக்கு வருகிறார். பெண்ணைப் போல எறிதல் என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் எழுதி 1980இல் வெளியான கட்டுரை, பெண்ணுடலைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மிக நல்ல கட்டுரைகளில் ஒன்று. பையன் பந்தெறியும்போது உடல் முழுவதும் பின்னால் வளைந்து, கால் எடுத்துவைத்து, தோள் சுழன்று எறிகிறான். பெண்குழந்தை நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் நீட்டி எறிகிறாள். முன்னாலிருந்த ஓர் ஆய்வாளர் இதைப் பெண் இயல்பு என்று எழுதி முடித்திருந்தார். யங் அதை மறுத்தார். பெண் தன் உடலைச் செயல்படும் கருவியாகவும் பிறர் பார்க்கும் பொருளாகவும் ஒரே நேரத்தில் சுமக்கிறாள். தனக்குக் கிடைக்கும் இடத்தையும் முழுதாகப் பயன்படுத்தாமல் தன்னைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வேலி போட்டுக்கொண்டு அசைகிறாள். இது வளர்ப்பின், சூழலின் விளைவு என்றார்.

‘வீ ஸ்போர்ட்ஸ்’ செய்தது விசித்திரமான காரியம். யங் விவரித்த அதே நிலையை, நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் அசைப்பதை, அது விளையாட்டின் விதியாக்கிவிட்டது. இனி எல்லோரும் பெண்ணைப் போலத்தான் எறிய வேண்டும். இருபது வருடம் கிரிக்கெட் ஆடிய தோளுக்கும் ஒருமுறைகூடப் பந்து எறியாத தோளுக்கும் எந்திரத்தின் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. பாட்டி பேரனை பௌலிங்கில் தோற்கடித்தாள் என்று உலகமெங்கும் கதைகள் வந்ததற்குக் காரணம் இதுதான். முதியோர் இல்லங்களில் அது பரவியதற்கும் இதுவே. உண்மையான உடலுழைப்பு இல்லை என்று குறை சொன்னார்கள். 2007 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு 13 முதல் 15 வயதுள்ள 11 பேரை அளந்து, உட்கார்ந்து ஆடுவதைவிட இதில் கூடுதல் ஆற்றல் செலவாகிறது, ஆனால் அசல் விளையாட்டுக்கு ஈடாகாது என்றது. சரிதான். ஆனால் அசல் விளையாட்டு எத்தனை பெண்களுக்குத் திறந்திருந்தது என்பதையும் அந்தத் தராசில் போட வேண்டும்.

2009இல் சிங்கப்பூரில் அக்கா வீட்டில் நான் அதைப் பார்த்தேன். அக்காவுக்கு அப்போது 36 வயது. ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளி த்ரோபால் அணியில் இருந்தவள். பெரியவளானதும் அப்பா நிறுத்திவிட்டார். கண்ணாடி வளையலுக்கு மேல் கயிற்றை மாட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பௌலிங் ஆடினாள். தொடர்ந்து இரண்டு முறை பத்துக் குச்சிகளும் விழுந்தன. மூன்றாவது முறைக்குக் குக்கர் விசில் வந்தது. ரிமோட்டை அத்தானிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அவளுக்காக அவரே வீசினார். திரையில் அவள் பெயர் போட்ட பொம்மை குதித்தது.

சங்க அகப்பாடல்களில் மகள் உடன்போக்குப் போன பிறகு தாய் புலம்பும் இடம் ஒன்று உண்டு. ஐங்குறுநூற்றில் ஒரு தாய், மகள் விட்டுச்சென்ற பந்தையும் பாவையையும் கழங்கையும் பார்த்து வருந்துகிறாள். இத்தனை ஆண்டுகளாக வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பந்தை அவள் எடுத்து ஒருமுறை எறிந்து பார்க்கக்கூடாதா என்று ஒரு மாணவி சென்ற ஆண்டு கேட்டாள். தாய் என்பவள் விளையாட்டுப் பொருளைப் பார்ப்பவள், எடுத்து வைப்பவள், நினைத்து அழுபவள். இலக்கியமும் சந்தையும் அவளை நிறுத்தியிருந்த இடம் ஒன்றுதான்.

சந்தைக்கு அவள் இன்னொரு வகையிலும் தேவைப்பட்டாள். 2006இல் அமெரிக்காவில் நிண்டெண்டோ ‘தூதர்கள்’ என்று சிலரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒரு பிரிவு, சுற்றுவட்டாரத்தில் செல்வாக்குள்ள இளம் தாய்மார்கள். அவர்கள் தோழிகளை விருந்துக்கு அழைக்க, கருவியை நிறுவனம் கொண்டுவந்து வைக்கும். ஆடிப் பார்த்த தோழிகள் வீட்டுக்குப் போய் வாங்குவார்கள். இதே வழியில் 1950களில் பிளாஸ்டிக் டப்பாக்கள் விற்றவர் பிரௌனி வைஸ். டப்பர்வேரின் வீட்டு விருந்து விற்பனையைப் பெரிதாக வளர்த்தவர். 1954இல் ‘பிசினஸ் வீக்’ அட்டையில் வந்த முதல் பெண். 1958இல் நிறுவனம் அவரை வெளியே அனுப்பியது. பெண்களின் நட்பு ஒரு விற்பனைப் பாதை என்பதை அவர் காலத்திலேயே நிறுவனங்கள் கற்றுக்கொண்டன. 2006இல் அந்தப் பாதைக்குப் புதிதாகத் தார் போட்டார்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது 2007 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘வீ ஃபிட்’ மீதுதான். காலடியில் வைக்கும் வெள்ளைப் பலகை. மியாமோட்டோ வீட்டில் தினமும் எடை பார்த்துக் குறித்து வந்த பழக்கத்திலிருந்து பிறந்தது. 2 கோடியே 26 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒரே ஆண்டில், கையில் இருந்த மட்டை காலுக்குக் கீழே தராசாகிவிட்டது. பலகையில் ஏறியதும் எடை பார்க்கும், பி.எம்.ஐ. சொல்லும், அதிகம் என்றால் திரையிலுள்ள உங்கள் பொம்மையின் வயிறு உப்பும், அது தலையைத் தொங்கப்போடும். பி.எம்.ஐ.யின் மூலக் கணக்கு 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியப் புள்ளியியலாளர் கெட்லேயுடையது; 1972இல் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டிய ஆய்வு ஆண்களின் உடல்களை அளந்தது. 2008 மே மாதம் பிரிட்டனில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பருமன் என்று சொல்லிவிட்டது எந்திரம். பெற்றோர் கொதித்தார்கள், நிண்டெண்டோ மன்னிப்புக் கேட்டது.

அதைவிட என்னை உறுத்திய நுணுக்கம் ஒன்று உண்டு. குடும்பத்தில் பலர் ஒரே பலகையைப் பயன்படுத்தினால், எந்திரம் சில சமயம் ஒருவரிடம் இன்னொருவரைப் பற்றி விசாரிக்கும்: அவரைச் சமீபத்தில் பார்த்தீர்களா, எப்படி இருக்கிறார்? உன் மனைவி மெலிந்திருக்கிறாளா என்று கணவனிடம் கேட்கும் எந்திரம். பிரசவத்துக்குப் பின் எடை குறையாத பெண்ணைச் சுற்றி எல்லா வீடுகளிலும் எழும் விசாரணைதான். இங்கே அது இனிய குரலில், இசையோடு வருகிறது. ‘வீ ஸ்போர்ட்ஸ்’ தோற்றால் தோற்றாய் என்று விட்டுவிடும், சற்று நேரம் ஆடியதும் ஓய்வெடுக்கலாமே என்று சொல்லும். ‘வீ ஃபிட்’ அடுத்த நாள் வரவில்லையே என்று நினைவூட்டும். பெண்களுக்கு விளையாட்டாக இருக்கும் விளையாட்டு ஓராண்டுக்கு மேல் தாங்கவில்லை. அது கடமையாகிவிட்டது.

இதற்கிடையே ஆண் ஆட்டக்காரர்கள் வேறொரு சொல்லைப் பரப்பியிருந்தார்கள்: ‘கேஷுவல்’. அம்மாவும் பாட்டியும் ஆடினால் அது அசல் விளையாட்டு இல்லை, பொழுதுபோக்கு. ஷைரா செஸ் 2017இல் வெளியிட்ட நூலில், பெண்களுக்கென்று வடிவமைக்கப்படும் விளையாட்டுகள் எப்படிப்பட்ட பெண்ணைக் கற்பனை செய்கின்றன என்று ஆராய்கிறார். துண்டு துண்டான நேரம், குற்றவுணர்வு இல்லாமல் பாதியில் விட்டு எழ வேண்டிய தேவை. அந்தக் கற்பனைப் பெண்ணின் அடையாளங்கள் இவை. குக்கர் விசிலுக்கு நடுவே ஆடக்கூடியதாக விளையாட்டைச் சுருக்குகிறார்கள். பிறகு சுருங்கியிருக்கிறது என்று சொல்லி இகழ்கிறார்கள். விசிலை யார் கவனிக்க வேண்டும் என்ற கேள்வி எழவே இல்லை. 2014இல் விளையாட்டுகளை உருவாக்கும் பெண்கள்மீதும் அவற்றை விமர்சித்த பெண்கள்மீதும் கேமர்கேட் என்ற பெயரில் வன்மம் கொட்டப்பட்டபோது, யார் அசல் ஆட்டக்காரர் என்ற இந்தப் பழைய சண்டையும் அதற்குள் இருந்தது.

மைக்ரோசாஃப்டின் ‘கினெக்ட்’ 2010 நவம்பரில் வந்தது. கையில் எதுவுமே வேண்டாம், கேமரா முழு உடலையும் பார்க்கும் என்றார்கள். 60 நாட்களில் 80 லட்சம் விற்றுக் கின்னஸில் ஏறியது. ‘கினெக்ட் ஸ்போர்ட்ஸ்’ ஆட ஒருவருக்குத் திரையிலிருந்து ஆறடி தூரமாவது வேண்டும், இருவருக்கு எட்டடி. அதாவது அமெரிக்கப் புறநகர் வீட்டுக் கூடம் வேண்டும். டோக்கியோவின் சின்னக் குடியிருப்பில் மேசையை நகர்த்தினால்தான் முடியும். நகர்த்துவதும் திரும்பப் போடுவதும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 2013இல் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேமராவை எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு கட்டாயமாகச் சேர்த்தார்கள், மக்கள் முகம் சுளித்தார்கள், 2014இல் பிரித்தார்கள், 2017இல் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

கைகளைப் பற்றி எழுதும்போது விட்டுவிடக்கூடாத கைகள் வேறு இருக்கின்றன. 2012 அக்டோபரில் சீனாவின் யன்தாய் நகரிலுள்ள தன் ஆலையில் 14 வயதுப் பிள்ளைகள் பயிற்சியாளர் என்ற பெயரில் வேலை செய்ததை ஃபாக்ஸ்கான் ஒப்புக்கொண்டது. நிண்டெண்டோ தன் பொருள்களும் அங்கே செய்யப்படுகின்றனவா என்று விசாரிப்பதாக அறிவித்தது. அது ‘வீ’யின் அடுத்த பதிப்பு கடைக்கு வருவதற்கு முந்தைய மாதம். குடும்பம் சேர்ந்து விளையாடும் கருவி என்ற படத்துக்குள் வராத பிள்ளைகள் அவர்கள். ‘நாம்’ என்பது அங்கே ‘நாங்கள்’ ஆகிவிடுகிறது.

2020இல் உலகம் வீடடங்கியபோது ‘ரிங் ஃபிட் அட்வென்ச்சர்’ கடைகளில் கிடைக்காமல் போனது. 2022 ஏப்ரலில் ‘நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்’ வந்தது. பௌலிங் அதிலும் இருக்கிறது, கயிறும் இருக்கிறது. பழைய ‘வீ’யின் இணையக் கடையை 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். எந்திரங்கள் மட்டும் பரண்களிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் அவற்றின் நாட்காட்டி இன்னும் திறக்கும். தேதி இருக்கும், விளையாட்டின் பெயர் இருக்கும், நிமிடங்கள் இருக்கும். யார் ஆடினார் என்பதற்கு அந்தப் பதிவில் இடம் வைக்கப்படவில்லை.